மணியோடு டக்டோயாக்டக் வரை

"நாயை எங்காவது விட்டுவிட்டு நீங்கள் இரண்டு பேரும் நிம்மதியாகப் போய்வாருங்கள்." மகள் இதைத்தான் சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரரும் இதைத்தான் சொன்னார். எங்கள் நாய் மணிக்கு வயதாகிவிட்டது. பின்னங்கால் மூட்டில் வாதம். காலையில் எழுந்து நிற்கவே கொஞ்ச நேரம் பிடிக்கும். கனடாவின் எட்மன்டனில் கிளம்பி, வடமேற்கே யூகான் பிரதேசம் வழியாக, ஆர்க்டிக் கடலோரம் இருக்கும் டக்டோயாக்டக் வரை ஒரு வழிக்கே 3,300 கிலோமீட்டருக்கு மேல். இவன் எதற்கு? கேள்வி நியாயமானதுதான். ஆனால் எனக்கும் முழங்கால் வலி உண்டு, என் கணவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. எங்களை விட்டுவிட்டுப் போகும்படி யாரும் சொல்லவில்லையே!

போய்வந்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. வயதான நாய்க்காக என்னென்ன ஏற்பாடு செய்தோமோ, அத்தனையும் வயதான எங்களுக்குத்தான் முதலில் உதவின. மணி இல்லாமல் போயிருந்தால் இவர் ஒரே நாளில் 800 கிலோமீட்டர் ஓட்டியிருப்பார். எனக்கு இவரை நன்றாகத் தெரியும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தியே ஆக வேண்டும். அவனுக்குச் சிறுநீர் கழிக்க, கால் நீட்ட, தண்ணீர் குடிக்க. எங்களுக்கும் அதேதான். மணிக்கணக்கில் உட்கார்ந்தே இருந்தால் வயதானவர்களுக்குக் கால் வீங்கும், காலில் ரத்தம் கட்டும் ஆபத்தும் இருக்கிறது. டாக்டர் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டிய இவர், மணி பின் சீட்டில் முனகியதும் வண்டியை ஓரம் கட்டினார். ஒரு நாளைக்கு 300, மிஞ்சினால் 350 கிலோமீட்டர் என்பது அப்படித்தான் எங்கள் கணக்கானது. ஜல்லிச் சாலையில் அதற்கும் குறைவு.

ஆகஸ்ட் நடுவில் கிளம்பினோம். ஜூன், ஜூலையில் வடக்கே கொசுவும் கருப்பு ஈயும் பிடுங்கி எடுத்துவிடும். நாய்க்கு மூக்கிலும் வயிற்றிலும் காதோரத்திலும் கடித்துத் தடித்துப்போகும். ஆகஸ்ட் கடைசியில் பூச்சி குறைந்துவிடும், டன்ட்ரா என்கிற மரமில்லாத வடக்கு நிலம் முழுக்கச் சிவப்பாகும், ராத்திரி இருட்டும் திரும்பிவிடுவதால் வடதுருவ ஒளியும் பார்க்கலாம். ஆனால் யூகானின் டூம்ஸ்டோன் மலைப் பக்கம் ஆகஸ்டிலேயே பனி விழலாம். கம்பளிச் சட்டை எங்களுக்கு மட்டுமில்லை, மணிக்கும் எடுத்து வைத்தேன். அவன் அதைப் போட்டுக்கொள்ளச் சம்மதிக்கவே இல்லை என்பது வேறு கதை.

அலாஸ்காவுக்குள் போகவில்லை. ஆசை இல்லாமல் இல்லை. எல்லையைத் தாண்டினால் நாய்க்குத் தனிக் காகிதங்கள் வேண்டும். 2024 ஆகஸ்ட் முதல் அமெரிக்காவுக்குள் போகிற எந்த நாயும் ஆறு மாதம் நிரம்பியதாக இருக்க வேண்டும், மைக்ரோசிப் வேண்டும், அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் இணையப் படிவத்தை நிரப்பி அந்த ரசீதைக் கையில் வைத்திருக்க வேண்டும். பெரிய கஷ்டம் ஒன்றுமில்லை, வீட்டிலிருந்தே செய்துவிடலாம். ஆனால் இணையமே கிடைக்காத இடத்தில் நின்றுகொண்டு "சரி, அப்படியே அலாஸ்காவையும் ஒரு எட்டுப் பார்த்துவிடலாம்" என்று முடிவு செய்கிற விஷயம் இல்லை. போகிற எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் கிளம்பும் முன்பே படிவத்தை நிரப்பிவிடுங்கள். கனடாவுக்குள்ளேயே சுற்றினாலும் ரேபிஸ் ஊசிச் சான்றிதழ் கட்டாயம் கையில் இருக்கட்டும். வடக்கே ஆர்க்டிக் நரிகளிடம் ரேபிஸ் உண்டு. டிஸ்டெம்பர், பார்வோ ஊசிகளும் பாக்கி இல்லாமல் போட்டிருக்க வேண்டும். சின்ன ஊர்களில் அவிழ்த்துவிட்ட நாய்கள் நிறைய.

இன்னொரு காகிதம் மனிதர்களுக்கானது. நம் மாகாண மருத்துவ அட்டை யூகானிலும் ஆஸ்பத்திரிக்குச் செல்லும், ஆனால் ஆம்புலன்ஸுக்குச் செல்லாது. யூகானிலிருந்து வடக்கே போகும் ஆளில்லாத ஜல்லிச் சாலையான டெம்ப்ஸ்டர் ஹைவேயில் நெஞ்சு வலி வந்தால் வருவது விமான ஆம்புலன்ஸ்தான். அந்தப் பில்லை நினைத்தாலே இன்னொரு முறை நெஞ்சு வலிக்கும். உள்நாட்டுப் பயணம்தானே என்று விட்டுவிடாமல் பயண இன்ஷூரன்ஸ் எடுத்தோம். ஏற்கெனவே இருக்கும் நோய்களை ஒளிக்காமல் எழுதிக் கொடுத்துத்தான் எடுத்தோம்.

அலாஸ்கா ஹைவே பிரிட்டிஷ் கொலம்பியாவின் டாசன் க்ரீக்கில் தொடங்குகிறது. இதையும் யூகானின் டாசன் சிட்டியையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள்; இடையில் கிட்டத்தட்ட 2,000 கிலோமீட்டர். 1942-இல், ஜப்பான் அலாஸ்கா பக்கம் வந்துவிடுமோ என்ற பயத்தில், அமெரிக்க ராணுவம் எட்டே மாதத்தில் காட்டை வெட்டிப் போட்ட பாதை இது. இன்று முழுக்கத் தார்ச் சாலைதான். பழுது பார்க்கும் இடங்களில் மட்டும் ஜல்லி. ஃபோர்ட் நெல்சன் தாண்டியதும் மலை வந்துவிடும். சம்மிட் லேக், டோட் ரிவர், பச்சை நிறத்தில் மின்னும் முன்சோ ஏரி என்று ஒவ்வொரு வளைவிலும் இவர் "பாரு, பாரு" என்பார். நான் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் இவர் பார்க்கவில்லை.

லியர்ட் ஆற்றுப் பக்கம் பைசன் என்கிற காட்டு மாட்டுக் கூட்டம் சாலையோரத்திலேயே படுத்திருக்கும். ஆண் பைசன் ஒரு டன் எடை வரும். கருப்பு உடம்பு, இருட்டில் கண்ணுக்கே தெரியாது. அதனால் அந்தப் பகுதியில் ராத்திரியில் ஓட்டவே கூடாது என்று வைத்துக்கொண்டோம். ஒரு இடத்தில் சாலை நடுவே நின்றுவிட்டன. ஹார்ன் அடிக்காமல், எஞ்சினை அணைக்காமல், தள்ளி நின்று காத்திருந்தோம். மணி ஒருமுறை குரைத்தான். அந்தப் பெரிய தலை திரும்பி எங்கள் பக்கம் பார்த்தது. நான் ஜன்னலை ஏற்றி அவன் தலைமேல் ஒரு துண்டைப் போட்டேன். கண்ணுக்குத் தெரியாவிட்டால் அவன் குரைக்க மாட்டான். துண்டு எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கட்டும், இது ரொம்ப உபயோகமான விஷயம்.

லியர்ட் வெந்நீர் ஊற்றுக்கு நாயைக் கூட்டிப்போகக் கூடாது. சதுப்பின் மேல் போட்ட மரப்பாலத்தில் நடந்துதான் ஊற்றுக்குப் போக வேண்டும். அந்தப் பாலத்திலும் நாய்க்கு அனுமதி இல்லை. சதுப்பில் மூஸ் என்கிற பெரிய மான் மேய வரும், கரடியும் வரும். ஆகவே முறை போட்டுக்கொண்டோம். நான் முதலில் போய் முழங்காலை வெந்நீரில் ஊறப் போட்டுவிட்டு வந்தேன், பிறகு இவர் போனார். நாயோடு போகிறவர்களுக்கு வடக்கில் பாதி இடங்கள் இப்படித்தான். இருவரும் சேர்ந்து பார்ப்பது என்பது கிடையாது, ஒருவர் வெளியே நிற்க வேண்டும். இதை முன்பே மனத்தில் ஏற்றிக்கொண்டால் சண்டை வராது.

வாட்சன் லேக்கில் பெயர்ப்பலகைக் காடு இருக்கிறது. சாலை போட வந்த ஒரு அமெரிக்கச் சிப்பாய் ஊர் நினைப்பில் 1942-இல் தன் ஊர்ப் பலகையை நட்டான். இன்று ஆயிரக்கணக்கில் பெருகி நிற்கிறது. அங்கே மணிக்கு அனுமதி உண்டு. நிறைய கம்பங்கள். அவனுக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

அப்புறம் ஒரு புல் சமாச்சாரத்துக்கு வருகிறேன். நாய் வைத்திருப்பவர்கள் மற்றதை எல்லாம் விட்டாலும் இதை மட்டும் படியுங்கள்.

யூகான் சாலையோரம் முழுக்க ஃபாக்ஸ்டெயில் பார்லி என்று ஒரு புல் முளைத்துக் கிடக்கிறது. பார்க்க அவ்வளவு அழகு. பட்டு நூல் போன்ற கதிர், வெயில் பட்டால் இளஞ்சிவப்பாகவும் வெள்ளியாகவும் மினுங்கும், காற்றில் அலை அலையாகச் சாயும். நான் போட்டோகூட எடுத்தேன். தோண்டிப் போட்ட மண்ணிலும் உப்பு மண்ணிலும் நன்றாக வளரும்; ஆகவே வண்டி நிறுத்தும் இடங்களில்தான், அதாவது நாயை இறக்கிவிடும் இடங்களில்தான், அதிகம். ஆகஸ்டில் கதிர் காய்ந்து உதிரத் தொடங்கும். ஒவ்வொரு விதையிலும் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள். முன்னால் மட்டுமே நகரும், பின்னால் வராது. கால்விரல் இடுக்கில் ஒட்டினால் நாய் நடக்க நடக்க உள்ளே போய்க்கொண்டே இருக்கும். காதுக்குள், மூக்குக்குள், ஈறுக்குள் என்று எங்கு வேண்டுமானாலும் போகும்.

டெஸ்லின் என்ற ஊரைத் தாண்டி ஒரு நிறுத்தத்தில் மணி அந்தப் புல்லுக்குள் போய் மோப்பம் பிடித்துவிட்டு வந்தான். சாயங்காலம் முன்னங்காலை நக்கிக்கொண்டே இருந்தான். "ஏங்க, டார்ச்சை எடுங்க" என்று சொல்லி விரல்களை விரித்துப் பார்த்தேன். ரோமத்துக்குள் மூன்று கதிர்கள், ட்வீசரில் வந்துவிட்டன. மறுநாள் காலையில் பார்த்தால் இரண்டு விரலுக்கு நடுவே சின்னக் கொப்புளம் போல வீங்கி, ஈரமாக இருந்தது. ஒன்று உள்ளே போய்விட்டிருந்தது. யூகானின் தலைநகரான வைட்ஹார்ஸ் பக்கத்தில்தான் இருந்தது. அங்கே கால்நடை மருத்துவர்கள் இருக்கிறார்கள். மயக்கம் கொடுத்து, கீறி, அரை அங்குல நீளத்துக்கு ஒரு முள்ளை எடுத்துக் காட்டினார் அந்த டாக்டரம்மா. ஆகஸ்டில் அவருக்கு இது அன்றாட வேலையாம். இவ்வளவு சின்னதா என்று இருந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு சடங்கு. மணி வண்டியில் ஏறும் முன் நான்கு கால்களையும் விரல் விரலாகப் பார்ப்பேன், அப்புறம் அக்குள், காது மடல், உதடு. விரல் இடுக்கு ரோமத்தை டாக்டரம்மாவே கத்தரித்துவிட்டார். வீட்டிலிருந்து கிளம்பும்போதே செய்துவிடலாம். திடீரென்று விடாமல் தும்மினால், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஆட்டினால், ஒரே இடத்தை நக்கினால் தாமதிக்கக் கூடாது. வைட்ஹார்ஸுக்கு வடக்கே கால்நடை மருத்துவர் கிடைப்பார் என்று நம்பிப் போகக் கூடாது. அந்த ஊரை விட்டால் திரும்பி வரும் வரை நீங்களே டாக்டர். காயம் ஆறும் வரை அங்கேயே தங்கினோம். பயணத்தில் கூடுதல் நாட்கள் வைத்திருப்பீர்கள் அல்லவா, அதைக் கடைசியில் வைக்காதீர்கள். ஜல்லிச் சாலை தொடங்கும் முன், மருத்துவமனையும் மருந்துக்கடையும் டயர்க்கடையும் இருக்கிற ஊரில் வையுங்கள். இவருடைய மாத்திரையையும் அங்கேதான் நிரப்பிக்கொண்டோம்.

மருந்து என்றதும் இன்னொன்று. மணியின் மூட்டு வலிக்கு அவனுக்கென்று டாக்டர் கொடுத்த மாத்திரை மட்டும்தான். நாம் போடும் ஐப்யூப்ரோஃபனையோ டைலனாலையோ பாதி உடைத்துக் கொடுக்கலாம் என்று ஒரு கேம்ப்கிரவுண்டில் யாரோ அன்பாகச் சொன்னார்கள். இரண்டுமே நாய்க்கு விஷம். நம் மாத்திரை டப்பாவும் அவன் டப்பாவும் வேறு வேறு நிறத்தில் இருந்தன. இரண்டையும் ஒரே பையில் நான் வைக்கவே இல்லை. முள்ளம்பன்றியையும் அங்கே பார்க்கலாம். முள் குத்தினால் வெட்டிவிட்டு இழுக்கக் கூடாது. ஒன்றிரண்டு என்றால் தோலோடு ஒட்டினாற்போல் குறடால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். வாய் நிறைய என்றால் மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க முடியும். எங்களுக்கு அந்த அனுபவம் நேரவில்லை. மணியின் கயிறு எப்போதும் என் கையில் இருந்தது.

அந்தக் கயிறு கரடிக்காகவும்தான். நாய் இருந்தால் கரடி வராது என்பார்கள். அவிழ்த்துவிட்ட நாய் கரடியைத் துரத்தும், கரடி திருப்பித் துரத்தும், நாய் நேராக எசமானிடம் ஓடிவரும், பின்னாலேயே கரடியும். அதனால் இரண்டு மீட்டர் கயிறு. நீளும் சுருளும் ரகம் வேண்டவே வேண்டாம். கரடி ஸ்ப்ரேயை இவர் இடுப்பில் மாட்டியிருப்பார்; காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள். கிண்ணத்தில் மிச்சமிருக்கும் நாய்ச் சோறும் கரடிக்கு விருந்துதான். சாப்பிட்டு முடித்த அடுத்த நிமிடம் கிண்ணம் கழுவி வண்டிக்குள் போகும். சமையலும் அப்படியே. நான் ரசம் தாளித்தால் கேம்ப்கிரவுண்டின் மறுகோடி வரை மணக்கும். ஆகவே தாளிப்பு மத்தியானத்தோடு சரி. ராத்திரிக்கு ரொட்டி.

டாசன் சிட்டியில் இரண்டு விஷயம் பார்க்கலாம். ஒன்று, 1896-இல் பக்கத்து ஓடையில் தங்கம் கிடைத்து உலகமே ஓடிவந்த கதை. இன்னொன்று, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் பழைய கட்டடங்கள். கீழே இருப்பது பெர்மாஃப்ராஸ்ட் எனும் உறைநிலம். கட்டடத்தின் சூடு இறங்கினால் நிலம் உருகும், கட்டடம் சாயும். டெம்ப்ஸ்டர் ஹைவேயைப் புரிந்துகொள்ள இந்தச் சாய்ந்த வீடுகள்தான் முதல் பாடம். அந்தப் பாதையில் ஜல்லியை ஆளுயரத்துக்குக் கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள், அடியில் உள்ள உறைநிலம் உருகாமல் இருப்பதற்காக. அதனால் சாலையின் இரு பக்கமும் செங்குத்தான சரிவு. ஓரம் மெத்து மெத்தென்று இருக்கும். ஒதுங்குகிறேன் என்று அதிகம் ஒதுங்கினால் வண்டி சரிந்துவிடும்.

டாசனுக்கு 40 கிலோமீட்டர் முன்பு இந்த ஹைவே பிரிகிறது. 1979-இல் திறந்தது. வடக்கே இனுவிக் என்ற ஊர் வரை சுமார் 740 கிலோமீட்டர். முதல் பெட்ரோல் பங்க் 369-ஆவது கிலோமீட்டரில், ஈகிள் ப்ளெயின்ஸில். அதுவரை ஒன்றும் இல்லை, செல்போனும் இல்லை. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சின்னக் கருவி ஒன்றை எடுத்துப் போனோம். தினமும் சாயங்காலம் மகளுக்கு "சேர்ந்துவிட்டோம், மணி சாப்பிட்டான்" என்று ஒரு வரி போகும். டாங்க் நிறைய பெட்ரோல், கேனில் கொஞ்சம், இரண்டு ஸ்டெப்னி, பஞ்சர் ஒட்டும் சாமான், காற்றடிக்கும் பம்பு. டயர் பத்து ப்ளை, அதாவது தடிமனான ரகம். கல் சாதாரணக் கல் இல்லை, கத்தி போல உடைந்த ஷேல் என்கிற அடுக்குப் பாறை. 60, 70-க்கு மேல் ஓட்டாவிட்டால் டயர் பிழைக்கும். எதிரே லாரி வந்தால் வேகத்தைக் குறைத்து ஓரமாகப் போங்கள், கல் வரும்.

பஞ்சர் எங்களுக்கும் ஆனது, ஓகில்வி ஆற்றைத் தாண்டி. இவர் ஜாக்கியை எடுத்துக் கீழே பலகை வைத்துத் தூக்கினார். பலகை இல்லாவிட்டால் ஜாக்கி ஜல்லியில் புதைந்துவிடும். வந்த வண்டி ஒவ்வொன்றும் நின்றது. "எல்லாம் சரியா, உதவி வேண்டுமா?" என்று கேட்காமல் ஒருவரும் போகவில்லை. வடக்கே அது மரியாதைக்காகக் கேட்பது இல்லை, அங்கே அதுதான் நடைமுறை. நாங்களும் அதன் பிறகு யார் நின்றிருந்தாலும் நிறுத்திக் கேட்டோம்.

மழை பெய்தால் டெம்ப்ஸ்டர் வேறு சாலை. தூசி அடங்குவதற்காகக் கால்சியம் குளோரைடு தெளித்திருப்பார்கள். நனைந்தால் சோப்பு போல வழுக்கும், வண்டியில் சிமென்ட் போல ஒட்டும். நாயின் பாதத்துக்கு அது கெடுதல். தோல் வறண்டு எரியும், நக்கினால் வயிற்றுக்கும் ஆகாது. ஒரு கேன் தண்ணீரைக் கால் கழுவுவதற்கென்றே ஒதுக்கியிருந்தேன். ஷேல் கல் குத்தாமல் இருக்க பூட்ஸும் வாங்கினோம். முதல் தடவை போட்டதும் மணி ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி நடந்தான். பிறகு பழகிவிட்டது. வீட்டிலேயே பழக்குவது உத்தமம். ஓடைத் தண்ணீரையும் அப்படியே குடிக்க விடக் கூடாது. பளிங்கு மாதிரி இருக்கும், ஆனால் ஜியார்டியா என்கிற கிருமி மனிதனுக்கும் நாய்க்கும் ஒரே மாதிரிதான் வயிற்றைக் கலக்கும். வடிகட்டிய தண்ணீரை மூவரும் குடித்தோம்.

இத்தனையும் சொல்லிவிட்டு அழகைச் சொல்லாமல் விட்டால் பாவம். டூம்ஸ்டோனில் கூரிய கருப்பு மலைகள். அதைத் தாண்டினால் மலைகள் உருண்டு திரண்டு மொட்டையாகிவிடும். பனியுகத்தில்கூடப் பனியாறு மூடாத நிலம் அது. தரை முழுக்கச் சிவப்பு. காட்டு ப்ளூபெர்ரி முழங்கால் உயரம்கூட இல்லாத செடிகளில் கொத்துக் கொத்தாக. நான் ஒரு டப்பாவோடு உட்கார்ந்து பறித்தேன். மணி பக்கத்தில் படுத்து, முன்பற்களால் கொப்பை மென்மையாக உருவி, இலையைத் துப்பிவிட்டுப் பழத்தை மட்டும் தின்றான். இந்த வித்தையை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. அவன் முகவாய் நீலமாகிவிட்டது. பெர்ரி இருக்கும் இடத்தில் கரடியும் இருக்கும் என்பதால் இவர் நின்றுகொண்டு நாலாபக்கமும் பார்த்தபடி சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். பெரும்பாலும் ஓய்வூதியக் கணக்கு.

இந்தப் பகுதி பார்க்குபைன் மந்தை என்கிற கரிபூ மான் கூட்டத்தின் இடம், 2017 கணக்கெடுப்பில் இரண்டு லட்சத்துக்கும் மேல். இலையுதிர் காலத்தில் சாலையைக் கடக்கும். நாங்கள் தூரத்தில் சிலவற்றைப் பார்த்ததோடு சரி. 405-ஆவது கிலோமீட்டரில் ஆர்க்டிக் வட்டம். போட்டோ எடுத்தோம், காற்று தள்ளியது, கிளம்பினோம்.

ஃபோர்ட் மெக்பெர்சனில் நான்கு பேரின் கல்லறை இருக்கிறது. 1910 டிசம்பரில் அங்கிருந்து டாசனுக்கு நாய் வண்டிகளில் கிளம்பிய போலீஸ் குழு. சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்று உணவைக் குறைத்துக்கொண்டார்கள். வழி தெரிந்த குவிச்சின் பழங்குடி ஆளைப் பாதியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வழி தப்பியது. திரும்பி வரும் வழியில் தங்கள் நாய்களையே ஒவ்வொன்றாகக் கொன்று தின்றும் பிழைக்கவில்லை. 1911 மார்ச்சில் அவர்களைத் தேடிப் போய்க் கண்டுபிடித்தவர் டெம்ப்ஸ்டர் என்ற போலீஸ்காரர். சாலைக்கு அவர் பெயர். மணியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தக் கதையைப் படிக்க எனக்கு முடியவில்லை, இவர்தான் படித்துச் சொன்னார். அந்தக் கதையைக் கேட்டபின், எதிரில் வரும் உள்ளூர்க்காரரிடம் சாலை எப்படி இருக்கிறது என்று கேட்க நாங்கள் ஒருமுறைகூடக் கூச்சப்படவில்லை. இணையத்தில் வரும் யூகான் 511 என்கிற சாலை நிலவர அறிவிப்பையும் பார்க்க வேண்டும். ஆனால் இன்று காலை அந்தப் பாதையில் வந்தவருக்குத் தெரிவது அதில் வந்திருக்காது.

பீல் ஆற்றிலும் மெக்கென்ஸி ஆற்றிலும் பாலம் கிடையாது, ஃபெர்ரிதான். கட்டணம் இல்லை. தண்ணீர் ஏறி இறங்குவதற்கு ஏற்பக் கரையில் ஜல்லியைத் தள்ளி இறங்குதளம் செய்வார்கள். மெதுவாக இறங்க வேண்டும். மெக்கென்ஸி ஃபெர்ரி மூன்று கரைகளுக்குப் போகும், ட்ஸீகெட்சிக் என்ற ஊர் உட்பட. எங்கே போக வேண்டும் என்று ஆட்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆற்றில் வெள்ளமோ பலத்த காற்றோ என்றால் ஃபெர்ரி நின்றுவிடும், எத்தனை நேரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதற்காக எல்லாருக்கும் கூடுதல் சாப்பாடும் மாத்திரையும். மணியின் சாப்பாட்டை இரண்டு மடங்காகவே எடுத்துப் போனோம். அவன் சாப்பிடும் வகை வடக்கே எந்தக் கடையிலும் கிடைக்காது, உணவை மாற்றினால் அவன் வயிறு போகும். வண்டிக்குள் ஒரு நாய்க்கு வயிறு போனால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

இனுவிக்கில் தண்ணீர்க் குழாய், சாக்கடைக் குழாய் எல்லாம் தரைக்கு மேலே பெட்டிக்குள் ஓடுகின்றன. உறைநிலத்தில் புதைக்க முடியாதே. இக்ளூ வடிவத்தில் ஒரு வெள்ளைத் தேவாலயம், 2010-இல் வின்னிபெக்கில் கட்டி 4,000 கிலோமீட்டர் லாரியிலும் படகிலும் கொண்டுவந்த ஒரு குட்டி மசூதி, இரண்டையும் பார்த்தோம். துணி துவைத்தோம். நன்றாகத் தூங்கினோம்.

அங்கிருந்து டக்டோயாக்டக் 138 கிலோமீட்டர். 2017 நவம்பரில்தான் இந்தச் சாலை திறந்தது; அதற்கு முன் குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேல் ஓட்டிப் போக வேண்டும், இல்லாவிட்டால் விமானம். ஊருக்குப் பக்கத்தில் சமவெளியில் திடீர் திடீரென்று கூம்பு மலைகள். பிங்கோ என்கிறார்கள், உள்ளே பனிக்கட்டி, அது மண்ணைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. பெரியதான இப்யுக் 49 மீட்டர் உயரம். அந்த ஊர் இனுவியாலுயிட் மக்களின் வீடு, கண்காட்சி இல்லை; படம் எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டிப் போட்டிருக்கும் வண்டி இழுக்கும் நாய்களின் பக்கம் உங்கள் நாயைக் கொண்டுபோகாதீர்கள். ஆர்க்டிக் கடலில் இவர் கால் விரலை நனைத்துவிட்டுத் துள்ளினார். மணி யாரையும் கேட்காமல் கழுத்து வரை போய்விட்டான். கயிறு இழுத்த வேகத்தில் எனக்கும் முழங்கால் வரை குளியல். வெளியே வந்ததும் துண்டால் அழுத்தித் துடைத்து ஹீட்டர் போட்ட வண்டிக்குள் ஏற்றினோம். ஈரத்தோடு விட்டால் மறுநாள் அந்த மூட்டு நகராது. எனக்கும் அதே துண்டுதான்.

திரும்பும் வழியில் ஈகிள் ப்ளெயின்ஸில் காற்றும் மழையும், அதனால் அங்கேயே ஒதுங்கினோம். பாக்கி வழி எல்லாம் வந்த வழிதான். டாசனுக்கு வந்ததும் முதல் வேலை வண்டியின் அடிப்பக்கத்தைக் கழுவியது, கால்சியம் குளோரைடு இரும்பைத் தின்றுவிடும். முன் கண்ணாடியில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை கீறல் ஓடியிருந்தது. அதை வீட்டுக்கு வந்த பிறகுதான் மாற்றினோம். வடக்கிலேயே புதுக் கண்ணாடி போட்டவர்களைப் பார்த்தோம். ஃபோர்ட் நெல்சன் வருவதற்குள் அதிலும் கல் விழுந்திருந்தது.